கதர் வாத்தியாரும் மாம்பழச் சட்டையும்

எனக்கு இருபத்து நான்கு வயதில் வேலை கிடைத்தது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒன்றரை மைல் நடந்தால் வரும் ஓர் உயர்நிலைப் பள்ளி. எழுபதுகளின் நடுப்பகுதி அது. சரித்திரமும் பூகோளமும் நடத்த வேண்டும். அதில் எனக்குச் சிரமம் இல்லை. சிரமம் வேறொன்றில் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் ஆண்கள் எல்லோரும் கதர்தான் உடுத்த வேண்டும். பள்ளியை ஆரம்பித்த பெரியவர் வைத்துவிட்டுப் போன விதி. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியும் விதி மட்டும் திடகாத்திரமாக இருந்தது.

நேர்முகத்துக்குப் போக என்னிடம் ஒரு முழம் கதர் கூட இல்லை. முதல் நாள் சாயங்காலம் போய் வேட்டியும் ஜிப்பாவும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் தலைமையாசிரியர் முன்னால் உட்கார்ந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"எத்தனை வருசமா கதர் உடுத்துறீங்க?"

"சின்ன வயசிலேருந்தே சார்."

அவர் என் ஜிப்பாவின் கீழ் ஓரத்தைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். கடையில் தைத்த விலைச் சீட்டு நூலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

"சின்ன வயசு நேத்துத்தான் முடிஞ்சுதாக்கும்" என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் தன் கையாலேயே சீட்டை நறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு வேலையையும் கொடுத்தார். வெளியே தெரிகிற அளவுக்குக் கறாரான மனிதர் இல்லை என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

ஏனென்றால் திங்கட்கிழமைக் காலைப் பிரார்த்தனையில் அவர் பேசுவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித் தோன்றாது. ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், ஒடிசலான உடம்பு. கஞ்சி போட்ட கதர், அவர் கையை உயர்த்தும்போதெல்லாம் மொறமொறவென்று சத்தம் போடும். "துணி என்பது மானத்தை மறைப்பதற்கு. ஊரை மயக்குவதற்கு அல்ல. பளபளப்பு பாம்புக்கும் உண்டு!" என்பார். பையன்கள் கைதட்டுவார்கள். நானும் தட்டுவேன்.

இந்த வேஷம் பள்ளிக்கூடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வார நாட்களில் பள்ளிக்கு அருகே ஓர் அறையில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் மதுரையை ஒட்டிய கோச்சடையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவேன். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பா, மகன் கதர்க்காரனாகிவிட்ட செய்தியை வீடு வீடாகப் பட்டுவாடா செய்திருந்தார். நான் தெருவில் நுழைந்தால் பக்கத்து வீட்டு மாமிகள் ரேடியோவில் சினிமாப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்கள். சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த என் பழைய சிநேகிதர்கள் கையைப் பின்னால் மறைத்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது. அந்த சிகரெட்டில் பாதி, ஒரு காலத்தில் என்னுடையது.

அப்போது சிங்கப்பூரிலிருந்து அக்காள் கணவர் வந்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்து, "மாமாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். பிரித்துப் பார்த்தேன். டெரிலின் துணி. பழுத்த மாம்பழத்தின் நிறம். தொட்டால் விரலில் நிற்காமல் வழுக்கி ஓடியது. ஒரு வாரம் அதை டிரங்குப் பெட்டியின் அடியில், உலக வரைபடத்துக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். உள்ளே கல் தூண்களுக்கு இடையில் வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு மெஷினுக்குச் சொந்தக்காரரான பாயிடம் துணியைக் கொடுத்தேன். அவர் துணியைப் பார்த்தார், என் கதரைப் பார்த்தார்.

"யாருக்கு சார்?"

"எங்க அத்தானுக்கு."

"அளவு?"

"என் அளவுதான்."

பாய் நாடாவை என் மார்பில் சுற்றினார். கழுத்துப் பட்டையை நாய்க்காது மாதிரி நீளமாக வைக்கச் சொன்னேன். "அத்தானுக்கு நல்லாருக்கும்" என்றார்.

சட்டையை வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, பள்ளிக்கூடத்து அறைக்கும் கொண்டுபோக முடியாது. ஆகவே பாயின் பெட்டியிலேயே அது குடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவேன். மண்டபத்தில் ஒரு மூலைத் தூணுக்குப் பின்னால் போய் ஜிப்பாவைக் கழற்றிவிட்டு மாம்பழச் சட்டையைப் போட்டுக்கொள்வேன். பிறகு மாசி வீதிகளில் ஒரு நடை, ஓட்டலில் ஒரு ரவா தோசை, பகல் காட்சி சினிமா, சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளத்துக் கரையில் காற்று வாங்கல். காற்று வாங்கினேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான். டெரிலினுக்குள் காற்று போகாது. மதுரை வெயிலில் அந்தச் சட்டை என் முதுகோடு ஒட்டிக்கொண்டு வைகையில் இல்லாத தண்ணீரையெல்லாம் என் மேல் ஓடவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கதர்தான் உடம்புக்குச் சுகம். ஆனால் சுகத்துக்காகவா ஒருவன் சட்டை போடுகிறான்? யாராவது பார்க்க வேண்டும். யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்தவர்களும் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நான் மாம்பழச் சட்டையோடு தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். பாயின் மெஷினுக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, வான நீல டெரிலின் சட்டையில் ஓர் உயரமான மனிதர் நின்றுகொண்டிருந்தார். பாய் அவர் முதுகில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் திரும்பினார். எங்கள் தலைமையாசிரியர்.

கையை விரித்தபடியே அப்படியே நின்றார். நான் வணக்கம் சொல்வதா, ஓடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

"இது என் மச்சினனுக்கு" என்றார் கடைசியில். "அவனும் என் அளவுதான்."

"இது எங்க அத்தானுக்கு சார். அவரும் என் அளவுதான்."

"நல்ல கலர்."

"உங்க மச்சினர் கலரும் நல்லாருக்கு சார்."

இத்தோடு எல்லாம் நாகரிகமாக முடிந்திருக்கும். பாய்தான் வாயைத் திறந்தார். "சார், போன தீபாவளிக்குத் தச்ச ரோஸ் சட்டை தோள்ல பிடிக்குதுன்னீங்களே, இதுல அரை இஞ்சு கூட விட்ருக்கேன். கையத் தூக்கிப் பாருங்க."

தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்கிப் பார்த்தார். பிரார்த்தனையில் பேசும்போது தூக்குவாரே, அதே கை. மொறமொறப்பு மட்டும் கேட்கவில்லை.

"மச்சினனுக்கு இப்பத் தோள் கொஞ்சம் வளந்துருச்சு" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. அன்றைக்குப் பேசியதுபோல அவர் என்றைக்கும் பேசியதில்லை. பாம்போடு நிறுத்தாமல் மின்மினி, கானல்நீர், பித்தளை என்று பளபளக்கிற எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினார். முடிவில், "நம் பள்ளியிலேயே உண்மையான கதர்த் தொண்டர் யாரென்று கேட்டால்..." என்று என்னைக் காட்டினார். நான் எழுந்து கும்பிட்டேன். அந்த மாதத்திலிருந்து எனக்குக் கடைசிப் பீரியட் வகுப்பு கிடையாது. சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸைச் சவுகரியமாகப் பிடித்தேன். மற்ற வாத்தியார்கள், எளிமைக்கு எவ்வளவு மதிப்பு பார்த்தீர்களா என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கால அட்டவணையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க அங்க காலையிலயா, சாயங்காலமா?"

"காலையில சார். பத்து மணிக்கு."

"அப்ப நான் மூணு மணிக்கு வச்சுக்கிறேன். இடிக்காது."

இடிக்கவில்லை. ஆனாலும் அவர் மனசுக்குள் ஏதோ இடித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். வெளி ஆள் கையில் ரகசியம் இருப்பதைவிடச் சொந்தக்காரன் கையில் இருப்பது மேல் என்று நினைத்தாரோ என்னவோ, சித்திரை பிறந்ததும் கோச்சடைக்கே வந்து அப்பாவைப் பார்த்தார். தம் அண்ணன் மகளுக்கு என்னைக் கேட்டார். அண்ணன், பள்ளிக்கூடத்துக்கும் மேற்கே நெல்லும் வாழையும் பயிரிடுகிற சம்சாரி. பெண் மதுரையில் விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தது.

"எங்க அண்ணனுக்கு ஒரே நிபந்தனைதான்" என்றார். "மூத்த மாப்பிள்ளை பட்டு ஜிப்பாவும் தங்க வாட்ச்சுமா வந்து, சீட்டாடியே சீரழிஞ்சுட்டான். அதனால கதர் உடுத்துறவனுக்குத்தான் பொண்ணுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குப் பாயின் பெட்டி ஞாபகம் வந்தது.

பெண் பார்க்கப் போன அன்று அம்மா என் வேட்டிக்கும் ஜிப்பாவுக்கும் இரட்டைக் கஞ்சி போட்டிருந்தாள். உட்கார்ந்தபோது அட்டைப்பெட்டி மடிவதுபோலச் சத்தம் வந்தது. கூடத்தில் ஜமக்காளம். என் இடதுபுறம் அப்பா, வலதுபுறம் தலைமையாசிரியர். எதிரே பெண்ணின் தகப்பனார், பெரிய மீசை, சட்டை இல்லாத உடம்பில் துண்டு. தலைமையாசிரியரின் மனைவி அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"சினிமா பாப்பீகளா?" என்றார் தகப்பனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியர், "சேச்சே" என்றார்.

"ஓட்டல்ல கீட்டல்ல சாப்பிடுற பழக்கம்?"

"வீட்டுச் சாப்பாடு தவிர வேற எதுவும் தொடமாட்டான்" என்றார் அப்பா. அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெண் கேசரித் தட்டோடு வந்தது. நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போக வேண்டும். போகாமல் என் முகத்தையே உற்றுப் பார்த்தது. எனக்கு வெட்கம் வந்து குனிந்துகொண்டேன். குனிந்தவன் முகத்தையும் அது கொஞ்சம் சாய்ந்து பார்த்தது.

"என்ன தாயி?" என்றார் தகப்பனார்.

"இவருகிட்ட ஒண்ணு கேக்கணும்ப்பா."

"கேளு."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெப்பக்குளத்துக் கரையில, மாம்பழக் கலர்ல ஒரு சட்டையப் போட்டுக்கிட்டு, காலரைத் தூக்கித் தூக்கி விட்டுக்கிட்டு நடப்பாரே, அது நீங்கதானே? ஆஸ்டல்ல நாங்க எல்லாரும் பாத்திருக்கோம்."

என் ஜிப்பா மட்டும் லேசாக மொறுமொறுத்தது. நான் மூச்சு விட்டிருக்கிறேன் போல.

"அது இவரோட அத்தான்மா" என்றார் தலைமையாசிரியர் அவசரமாக. "அச்சா இவரைப் போலவே இருப்பாரு."

"மூக்குமா சித்தப்பா?"

என் அப்பா எழுந்தே விட்டார். "மீனாட்சி மேல சத்தியமாச் சொல்றேன், என் பையங்கிட்ட மஞ்சள்ல ஒரு கைக்குட்டை கூடக் கிடையாதும்மா!"

அதுவரை நான் எப்படியாவது மழுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அப்பா மீனாட்சி பெயரைச் சொல்லிவிட்டார். சொல்வது பொய் என்றே தெரியாமல், எனக்காக. அதற்கு மேல் முடியவில்லை.

"நான்தான்" என்றேன்.

அப்பா உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் தகப்பனார் மீசையைத் தடவுவதை நிறுத்தினார். தலைமையாசிரியர் கேசரியை ஆராய்ந்தார். எல்லாம் முடிந்தது, எழுந்து செருப்பைத் தேட வேண்டியதுதான் என்று நினைத்தபோது பெண் ஒரு பெருமூச்சு விட்டது.

"நல்லவேளை" என்றது. "ஆயுசுக்கும் இம்புட்டுக் கனத் துணியைக் கஞ்சி போட்டு அடிச்சுத் துவைக்கணுமேன்னு நேத்துலேருந்து கைவலியா இருந்துச்சு."

அடுக்களைக் கதவு படீரென்று திறந்தது. தலைமையாசிரியரின் மனைவி கரண்டியோடு வந்து நின்றார். அந்த அம்மாள் சபையில் பேசி யாரும் கேட்டதில்லை.

"நல்லாக் கேட்டுக்கங்க! இருபத்திரெண்டு வருசமாத் துவைக்கிறேன் நான். எம் மணிக்கட்டைப் பாருங்க." கையை நீட்டிக் காட்டினார். பிறகு கணவரின் அண்ணன் பக்கம் திரும்பினார். "மாமா, அந்தத் தம்பியக் குத்தம் சொல்லாதீங்க. உங்க தம்பியும்தான் ரெண்டு டெரிலின் சட்டை தச்சு வச்சிருக்காக. நான்தான் தைக்கச் சொன்னேன். ஊர்ல உள்ளவ புருசனெல்லாம் கலர் கலரா உடுத்திக் கூட்டிட்டுப் போறான். நான் இவுகளோட பஸ்ஸுல போனா, எங்க துக்கம் கேக்கப் போறீகன்னு கேக்குறாக. ஒரு நாளாவது எம்புருசன் பளிச்சுனு என் பக்கத்துல நடக்கணும்னு ஆசைப்பட்டேன். அது குத்தமா?"

சொல்லிவிட்டு அங்கேயே அழ ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வருவதுபோல இருந்தது, கண்ணும் கரித்தது. தலைமையாசிரியர் முகத்தில் அப்படி ஒரு சிவப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இத்தனை நாளாக மச்சினன் பெயரைச் சொல்லி அவர் மறைத்தது தம் ஆசையை அல்ல, மனைவியின் ஆசையை.

பெண்ணின் தகப்பனார் தம்பியைப் பார்த்தார். "அப்ப, நீ கதர்க்காரன்ங்கிறது பொய்யாடா?"

"பொய் இல்லண்ணே" என்றார் தலைமையாசிரியர், தரையைப் பார்த்தபடி. "வாரத்துல ஆறு நாள் நெசம்."

பெரியவர் வெற்றிலையை எடுத்தார், காம்பு கிள்ளினார், போடாமல் வைத்தார். கடைசியில் என்னிடம் கேட்டார்.

"சீட்டு ஆடுவீகளா?"

"ஆடத் தெரியாதுங்க."

"இதாவது நெசமா?"

"நெசந்தாங்க."

"அம்புட்டுப் போதும்" என்றார். "கேசரியச் சாப்புடுங்க மாப்ள, ஆறிப்போச்சு."

அப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை. பொய்ச் சத்தியத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தினமும் கோவிலுக்குப் போனார். அதில் ஒரு நாள் புது மண்டபத்துக்குள்ளும் போயிருக்கிறார். பாய்தான் பிறகு சொன்னார். "உங்க அத்தா வந்தாரு சார். அந்தச் சட்டைய எடுக்கச் சொன்னாரு. தடவித் தடவிப் பாத்தாரு. நல்ல துணிதான், ஆனா கழுத்துப்பட்டை ஜாஸ்தின்னுட்டுப் போயிட்டாரு."

ஆவணியில் கல்யாணம். தாலி கட்டும்போது கதர்தான். பெரியவர் அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சாயங்கால வரவேற்புக்கு என்ன உடுத்துவது என்பதைப் பெண்ணிடம் விட்டுவிட்டார்கள். வரவேற்பில் என்னை மாம்பழ நிறத்தில் பார்த்த கோச்சடைத் தெருக்காரர்கள், ரேடியோவின் சத்தத்தை அன்றிலிருந்து பழையபடி கூட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் விதி அப்படியே இருந்தது. நாங்களும் வாரத்தில் ஆறு நாள் அப்படியே இருந்தோம். தலைமையாசிரியர் மட்டும் பிரார்த்தனையில் துணியைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, நேரம் தவறாமை, பல் துலக்குவது, நகம் வெட்டுவது என்று பேசினார்.

கல்யாணமான மறுமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் சேர்ந்து மதுரைக்குப் போனோம். நானும் தலைமையாசிரியரும் இரண்டு தூண்களுக்குப் பின்னால் போய் உடை மாற்றிக்கொண்டு வந்தோம். அவர் நீலம், நான் மாம்பழம். மண்டபத்து வாசலில் பூ வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் எங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். என் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தலைமையாசிரியரின் மனைவி சிரிக்கவில்லை. கிட்டே போய் அவர் காலரைச் சரிசெய்துவிட்டு, "வாங்க" என்றார்.

தெப்பக்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி இருக்கும். வெயில் இறங்கவே இல்லை. கடலை விற்கிறவன், ஐஸ்காரன், மைய மண்டபத்தை வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க் குடும்பங்கள் எல்லோருக்கும் நடுவே அந்த அம்மாள் புருசனோடு தோளுக்குத் தோள் கரையைச் சுற்றி நடந்தார். எங்களை யாரும் நின்று பார்க்கவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. பத்தடிக்கு ஒருதரம் பக்கத்தில் திரும்பி அவரே பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது சுற்றில் நீலச் சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. தலைமையாசிரியர் நின்று முகத்தைத் துடைத்தார்.

"வேகுதுடி" என்றார். "போதுமே, வீட்டுக்குப் போவமா?"

"இன்னும் ஒரே ஒரு சுத்து" என்றார் அந்த அம்மாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் மூன்றாவது சுற்றுக்கு நடந்தார்.